ஈயடிச்சான் காப்பி

இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தே ரொம்ப நாளாச்சு. காரணம் வழக்கம் போல ஆணிதான். போன வாரம் புடுங்கின ஆணியில ஒண்ணு ரொம்பத் துருப்பிடிச்ச ஆணி, அதோட விளைவுதான் இந்தப் பதிவு. சினிமா விமர்சனம், கவிதைன்னு எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே ரிவர்ஸ் கியர் போட்டுக்கலாம், கோச்சுக்க மாட்டேன். இது பொட்டி தட்டுற வேலையைப் பத்தின புலம்பல். ஆனா பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியணும்னுதான் எழுதுறேன். கடைசியில உங்க வலைப்பூவுக்கும் இதுல சம்பந்தம் இருக்கு, பாருங்க.

விஷயம் இதுதான். புதுசா ஒரு கிளையண்ட்டுக்குக் காட்ட எங்க டேமேஜர் (எழுத்துப்பிழை இல்லை!) ஒரு ஸ்லைடு தயார் பண்ணியிருந்தார். அதுல ரெண்டு வரி. 'ஹை அவைலபிலிட்டி: உண்டு'. பச்சை டிக். அதுக்குக் கீழ 'பேக்கப்: உண்டு, ரெப்ளிகேஷன் மூலமாக'. அதுக்கும் ஒரு பச்சை டிக். நான் மெதுவா, "சார், ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது சார்"னேன்.

"ஏம்ப்பா, மூணு சர்வர்ல மூணு காப்பி இருக்கு. ஒண்ணு போனா இன்னொண்ணு. அப்புறம் என்ன?"

இந்த 'அப்புறம் என்ன'வுக்கு அன்னிக்கு மீட்டிங்ல பதில் சொல்ல எனக்கு வாய் வரல. இங்க சொல்றேன்.

நம்ம ஊர்ல ஈயடிச்சான் காப்பின்னு ஒரு வார்த்தை இருக்கு. கதை தெரிஞ்சிருக்கும். ஒரு குமாஸ்தாகிட்ட ஒரு தாளைக் கொடுத்து, 'இதை அப்படியே காப்பி எடு'ன்னு சொன்னாங்களாம். மூலத்துல எங்கயோ ஒரு ஈ செத்து ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. ஆளு ஒரு ஈயைத் தேடிப் பிடிச்சு, அடிச்சு, அதே இடத்துல ஒட்டிக் கொடுத்தானாம். ரெப்ளிகேஷனுக்கு இதைவிட நல்ல விளக்கத்தை எந்த டெக்னிக்கல் புஸ்தகத்துலயும் நான் படிச்சதில்ல.

உண்மையில அது வேலை செய்யற விதமும் அதேதான். முதன்மை சர்வர்னு ஒண்ணு இருக்கும். தனக்கு நடக்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் அது ஒரு நாட்குறிப்பு மாதிரி வரிசையா எழுதி வைக்கும். மைஎஸ்க்யூஎல்ல அதுக்குப் பேரு பின்லாக், போஸ்ட்கிரஸ்ல வால். துணை சர்வருங்க அந்தக் குறிப்பை வாங்கி, அதே வரிசையில, அதே மாற்றத்தைத் தன்கிட்டயும் செஞ்சுக்கும். 'இது சரியா, இதைச் செய்யலாமா'ன்னு அது யோசிக்காது. யோசிக்கவும் கூடாது. யோசிச்சா ரெண்டு காப்பியும் வேற வேற ஆயிடும். அதாவது, ஈயை ஒட்டறது குமாஸ்தாவோட தப்பு இல்ல, அவனோட வேலையே அதுதான்.

இந்த ஞானம் எனக்குப் புஸ்தகத்துல வரல. 2021 தீபாவளிக்கு முந்தின வாரம் வந்தது.

அப்ப எல்லாருக்கும் வீட்லேருந்துதான் வேலை. நான் ஊர்ல, மாடி ரூம்ல, பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்து பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். நாங்க பார்த்துக்கிட்டு இருந்தது கடைக்காரங்க மொத்த வியாபாரிகிட்ட ஆர்டர் போடற ஒரு சாஃப்ட்வேர். கிளையண்ட் பேரு வேண்டாம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு கடன் வரம்பு இருக்கும், அதுக்கு மேல ஆர்டர் போட்டா சிஸ்டம் ஏத்துக்காது. தீபாவளி நேரம், யாரோ ஒரு கடைக்காரர் வரம்பை மாத்தித் தரச் சொல்லிக் கேட்டிருக்கார். எங்க டீம்ல சேர்ந்து ஆறு மாசமே ஆன ஒரு தம்பி அந்த வேலையை எடுத்தான். கெட்டிக்காரப் பையன். அப்டேட் கட்டளையைச் சரியாத்தான் எழுதியிருந்தான். ரெண்டு வரி. முதல் வரியில 'வரம்பை இவ்வளவு ஆக்கு', ரெண்டாவது வரியில 'இந்தக் கடைக்கு மட்டும்'. ஆனா அந்த டூல்ல எந்த வரியை மவுஸால தேர்ந்தெடுத்திருக்கோமோ அது மட்டும்தான் ஓடும். அவன் தேர்ந்தெடுத்திருந்தது முதல் வரி.

அதாவது, எல்லாக் கடைக்கும்.

"அண்ணா, ஒரு நிமிஷம் கால் வர்றீங்களா"ன்னு மெசேஜ் வந்தப்பவே ஏதோ வயித்துல பிசைஞ்சுது. கால்ல போனா அவன் பேசவே இல்ல, ஸ்க்ரீனை ஷேர் பண்ணிட்டு அமைதியா இருந்தான். நான் ரொம்பத் தெளிவா, "பயப்படாதடா, ரெப்ளிகா இருக்குல்ல"ன்னேன். ஆமா, இன்னிக்கு டேமேஜரைக் கிண்டல் பண்ற இதே நான்தான். ரெப்ளிகாவைத் திறந்து பார்த்தேன். அங்கயும் ஈ ஒட்டியிருந்தது. இன்னொரு ஊர்ல இருந்த மூணாவது சர்வரைப் பார்த்தேன். அங்கயும். ஒரு செகண்ட் கூட ஆகியிருக்காது. அந்த நிமிஷம் எங்க ரெப்ளிகேஷன் எவ்வளவு அருமையா வேலை செஞ்சுதுன்னா, அதுக்கு ஒரு அவார்டே கொடுத்திருக்கலாம்.

சரி, ராத்திரி ராத்திரி எடுக்கற பேக்கப் இருக்கேன்னு போனோம். கடைசி ஃபைல் ரெண்டு மாசத்துக்கு முந்தினது. டிஸ்க் நிரம்பிப்போய், அந்தப் பேக்கப் வேலை அத்தோட நின்னுடுச்சு. வெற்றிகரமா முடிஞ்சா மெயில் வரும்னு யாரோ ஒரு புண்ணியவான் செட் பண்ணியிருந்தான். முடியலைன்னா மெயில் வராது. வராத மெயிலை எவன் கவனிப்பான்?

சரி, பின்லாக்லேருந்து பழைய மதிப்பை எடுக்கலாமான்னு பார்த்தோம். மைஎஸ்க்யூஎல்ல இதுக்கு ரெண்டு முறை உண்டு. வரிசை வாரியா எழுதற முறையில, மாறுறதுக்கு முன்னாடி என்ன இருந்தது, மாறின பிறகு என்னன்னு ரெண்டும் பதிவாகும். பொறுமை இருந்தா அதை வச்சுத் திரும்பப் போயிடலாம். 5.7 பதிப்புலேருந்து இதுதான் இயல்பா வர்றது. ஆனா எங்க சர்வரோட கான்ஃபிக் ஃபைல் அதுக்கும் முந்தின காலத்துலேருந்து யாரோ யார்கிட்டயோ காப்பி அடிச்சு காப்பி அடிச்சு வந்தது (ஈயடிச்சான் பரம்பரை!). அதுல பழைய ஸ்டேட்மெண்ட் முறை. ஓட்டின கட்டளையை மட்டும் ஒரே வரியா எழுதி வைக்கும். பார்த்தா, 'எல்லாக் கடைக்கும் வரம்பை இவ்வளவு ஆக்கு'ன்னு அழகா ஒரு வரி. முன்னாடி என்ன இருந்ததுன்னு அதுக்குத் தெரியாது.

கடைசியில எங்களைக் காப்பாத்தினது அக்கவுண்ட்ஸ்ல ஒரு அக்கா தன்னோட சௌகரியத்துக்கு வச்சிருந்த எக்ஸெல் ஷீட். அதுல இல்லாத கடைங்களுக்கு ஒவ்வொண்ணா ஃபோன் போட்டு, "அண்ணாச்சி, உங்க வரம்பு எவ்வளவு இருந்துச்சு"ன்னு கேட்டோம். அவங்க சொன்னதுதான் வேதவாக்கு. மூணு நாள் ஆச்சு. தீபாவளிக்கு முந்தின மூணு நாள். வியாபாரிக்கு அது என்னன்னு வியாபாரிகிட்டதான் கேக்கணும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு உண்டு. அந்த மூணு நாளும் எங்க சர்வர் ஒரு நொடி கூட நிக்கல. 'அப்டைம்' நூத்துக்கு நூறு. மாசக் கடைசி ரிப்போர்ட்ல அதுவும் பச்சை டிக்தான்.

இது எங்க குடும்பத்துக்கு மட்டும் வந்த கஷ்டம்னு நினைச்சுக்காதீங்க. ஜர்னல்ஸ்பேஸ்னு வலைப்பதிவர்களுக்காக ஒரு தளம் இருந்தது. ஆறு வருஷம் ஓடின தளம். ரெண்டு டிஸ்க், ஒண்ணுல எழுதறது அப்படியே இன்னொண்ணுலயும் எழுதப்படும், அதையே பேக்கப்புனு நம்பியிருந்தாங்க. ஒரு நாள் டேட்டாபேஸ் அழிக்கப்பட்டப்ப அந்த அழிப்பும் ரெண்டு டிஸ்க்லயும் சமத்தா நடந்துடுச்சு. டிஸ்க்கை மீட்கற நிபுணர்கள்கிட்ட கொடுத்தும் ஒண்ணும் தேறல. 2009 ஜனவரியில, 'எல்லாம் போச்சு'ன்னு சொல்லிக் கடையை மூடிட்டாங்க. ஆறு வருஷமா எழுதினவன் எழுத்தை நினைச்சுப் பாருங்க. நம்மள்ல எத்தனை பேர் வலைப்பூவை எக்ஸ்போர்ட் பண்ணி ஒரு பென் டிரைவ்லயாவது வச்சிருக்கோம்? ப்ளாகர்ல அதுக்கு ஒரு பட்டனே இருக்கு. (நான் போன ஞாயித்துக்கிழமைதான் முதல் தடவை அமுக்கினேன். ஹிஹி.)

சின்னக் கடைன்னு விட்டுடுவோம். கிட்லேப் சின்னக் கடை இல்ல. 2017 ஜனவரி 31. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ், ஒரு முதன்மை, ஒரு துணை. அன்னிக்கு ஸ்பேம் தொல்லையில லோடு ஏறி, துணை சர்வர் பின்தங்கிப் போச்சு. அதுக்குத் தேவையான நாட்குறிப்புப் பக்கங்களை முதன்மை ஏற்கெனவே தூக்கிப் போட்டுடுச்சு. அதனால துணையைக் காலி பண்ணிட்டு முதல்லேருந்து காப்பி எடுக்கணும். ஒரு இஞ்சினியர் ராத்திரி 11 மணி வாக்குல இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தார். துணை சர்வர்ல இருக்கற டைரக்டரியை அழிக்கறதா நினைச்சு கட்டளையைத் தட்டினார். தட்டினது முதன்மையில. ஓரிரு நொடியில சுதாரிச்சு நிறுத்தினார். அதுக்குள்ள 300 ஜிபி இருந்த இடத்துல சுமார் 4.5 ஜிபிதான் மிச்சம்.

இதுக்கப்புறம் வர்றதுதான் முக்கியம். பேக்கப்பு, ரெப்ளிகேஷன் எல்லாம் சேர்த்து அவங்ககிட்ட அஞ்சு வழி இருந்தது. அந்த நேரத்துல ஒண்ணு கூட உருப்படியா கைகொடுக்கல. தினசரி எடுக்கற டம்ப் வேலை 9.2 பதிப்பு டூலை வச்சு 9.6 டேட்டாபேஸை எடுக்கப் பார்த்து, தோத்துத் தோத்துப் போயிக்கிட்டு இருந்திருக்கு. பேக்கப் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தா காலி. தோத்துப்போச்சுன்னு மெயில் அனுப்பியிருக்கு, ஆனா மெயில்ல ஏதோ கையெழுத்துப் பிரச்சனை, வாங்கற சர்வர் அதைத் திருப்பி அடிச்சிருக்கு. யாருக்கும் தெரியல. கடைசியில கைகொடுத்தது என்ன தெரியுமா? சம்பவத்துக்கு ஆறு மணி நேரம் முன்னாடி வேற ஏதோ டெஸ்டிங் வேலைக்காகக் கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட். அதாவது, நம்ம அக்கவுண்ட்ஸ் அக்காவோட எக்ஸெல் ஷீட்!

அதை வச்சு மீட்கவே 18 மணி நேரம் ஆச்சு. சுமார் 5000 ப்ராஜெக்ட், 5000 கமெண்ட், 700 புது யூசர் கணக்கு வரைக்கும் போனது போனதுதான். ஆனா ஒண்ணு, அவங்க எதையும் மறைக்கல. மீட்கற வேலையையே யூட்யூப்ல நேரலையா காட்டினாங்க. அறிக்கையில அந்த இஞ்சினியர் பேரைக் கூடப் போடல, 'டீம் மெம்பர் 1'னுதான் எழுதினாங்க. இதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப சில பேர், "சரிங்க, பேக்கப்பை ஒழுங்கா எடுத்துக்கறோம், ஹை அவைலபிலிட்டியும் வச்சுக்கறோம், அதுல என்ன தப்பு"ன்னு கேப்பீங்க. தப்பு ஒண்ணும் இல்ல. விலையைக் கேக்காம வாங்கறோம், அதுதான் எனக்குப் பிரச்சனை.

எல்லா ஸ்லைடுலயும் ஒன்பதுகளை வரிசையா அடுக்கறாங்க இல்லையா? 99.9%னா வருஷத்துக்கு 8 மணி 45 நிமிஷம் வரைக்கும் படுத்துக்கலாம். 99.99%னா 52 நிமிஷம் சொச்சம். 99.999%னா 5 நிமிஷம் சொச்சம். எழுதறவனுக்கு ஒரு ஒன்பது தட்டறது ஒரு விசை. ராத்திரி எந்திரிக்கறவனுக்கு அது வேற கணக்கு. அஞ்சு நிமிஷத்துல மனுஷன் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு லேப்டாப்பைத் திறக்கவே முடியாது. ஆக, அஞ்சு ஒன்பது வேணும்னா மிஷின்தான் முடிவெடுக்கணும்.

அதுக்கு முன்னாடி இன்னொரு கேள்வி. காப்பி எப்ப எடுக்கறது? முதன்மை தன் வேலையை முடிச்சு 'ஆச்சு'ன்னு சொல்லிட்டு, அப்புறமா துணைக்கு அனுப்பறது ஒரு வகை. வேகமா இருக்கும். ஆனா 'ஆச்சு'ன்னு சொல்லி, அனுப்பறதுக்குள்ள முதன்மை செத்துப்போனா, அந்தக் கடைசி சில எழுத்து அம்பேல். துணை 'வந்துடுச்சு'ன்னு சொன்ன பிறகுதான் 'ஆச்சு'ன்னு சொல்லணும்கறது இன்னொரு வகை. பத்திரமா இருக்கும். ஆனா ஒவ்வொரு எழுத்துக்கும் காத்திருக்கணும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டுலயே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல. கண்ணாடி இழைக்குள்ள ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்ட்டு வர 10 மில்லிசெகண்டுக்குக் குறையவே குறையாது. எந்த வெண்டரும் இதுல டிஸ்கவுண்ட் தர முடியாது, ஐன்ஸ்டீன் ஒத்துக்க மாட்டார்.

துணை செத்துட்டா? போஸ்ட்கிரஸ்ல ஒரே ஒரு துணையை வச்சுக்கிட்டு 'கண்டிப்பா காத்திரு'ன்னு சொல்லியிருந்தா, முதன்மை காத்துக்கிட்டே நிக்கும். பத்திரத்துக்கு வச்ச ரெண்டாவது சர்வரே மொத்தக் கடையையும் நிறுத்திடும். மைஎஸ்க்யூஎல்லோட செமி-சிங்க் வேற மாதிரி. நாம மாத்தாத வரைக்கும் 10 நொடி காத்திருக்கும், பதில் வரலைன்னா லாக்ல ஒரு வரி எழுதிட்டுப் பழைய வகைக்கே போயிடும். 'எங்ககிட்ட செமி-சிங்க் இருக்கு, ஒரு வரி கூடப் போகாது'ன்னு மார் தட்டற எத்தனை பேருக்கு அந்தப் பத்து நொடி தெரியும்? எரிக் ப்ரூவர் 2000ல சொன்னதும், ரெண்டு வருஷம் கழிச்சு கில்பர்ட்டும் லின்ச்சும் நிரூபிச்சதும் இதே சங்கதிதான். நடுவுல ஒயர் அறுந்துபோனா, 'பதில் சொல்லுவேன்', 'சரியான பதில்தான் சொல்லுவேன்'ங்கற ரெண்டு சத்தியத்துல ஒண்ணை விட்டாகணும். எதை விடறோம்கறதை முன்னாடியே முடிவு பண்ணணும். ஸ்லைடுல அதுக்கு டிக் பாக்ஸ் கிடையாது.

மிஷின் முடிவெடுத்தா என்ன ஆகும்னு கிட்ஹப் கதையைப் பாருங்க. 2018 அக்டோபர் 21. ஒரு பழுதான நெட்வொர்க் சாமானை மாத்தப் போய், அமெரிக்கக் கிழக்குக் கரையில அவங்க முதன்மை டேட்டா சென்டருக்கும் நெட்வொர்க் மையத்துக்கும் நடுவுல இணைப்பு போச்சு. எவ்வளவு நேரம்? 43 நொடி. அவ்வளவுதான். ஆனா அந்த 43 நொடியில தானியங்கி ஏற்பாடு விழிச்சுக்கிட்டு, ஓட்டெடுப்பு நடத்தி, 'கிழக்கு செத்துப்போச்சு, இனி மேற்குதான் முதன்மை'ன்னு முடிசூட்டிடுச்சு. விதிப்படி அது செஞ்சது சரிதான், அதை அப்படித்தான் எழுதி வச்சிருந்தாங்க. இணைப்பு திரும்பி வந்து பார்த்தா, கிழக்குல சில நொடி எழுதின சமாச்சாரம் மேற்குக்குப் போய்ச் சேரல. அதுக்குள்ள மேற்குல புதுசா எழுத ஆரம்பிச்சாச்சு. ரொம்ப வேலை நடக்கற ஒரு க்ளஸ்டர்ல மட்டும் அந்தச் சிக்கின நேரத்துல 954 எழுத்து. ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி. எதை வெளிய எடுத்தாலும் ரத்தம் வரும்.

அவங்க நேரம் போனாலும் பரவாயில்ல, டேட்டா முக்கியம்னு முடிவு எடுத்தாங்க. நல்ல முடிவு. பேக்கப்பை மீட்டு, காப்பிகளைத் திரும்ப இணைச்சு, தேங்கின வேலையை முடிச்சு, முழுசா நிமிர 24 மணி 11 நிமிஷம் ஆச்சு. 43 நொடிக்கு 24 மணி நேரம்! அன்னிக்கு அந்தத் தானியங்கி ஒரு நிமிஷம் கொட்டாவி விட்டுட்டு இருந்திருந்தா ஒண்ணுமே நடந்திருக்காதேன்னு எனக்குத் தோணும். இது நடந்து முடிஞ்ச பிறகு பேசற பேச்சுதான், ஒத்துக்கறேன். அந்த 43 நொடி 43 மணி நேரமா இருந்திருந்தா இதே தானியங்கியை நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

ஆனா கிட்ஹப் அளவுக்கு இருக்கறவன் பிரச்சனை வேற, நம்ம பிரச்சனை வேற. என் கட்சி இதுதான்: நாம பார்க்கற கிளையண்ட்டுல பாதிக்கு மேல, அரை மணி நேரம் சிஸ்டம் நின்னா செத்துட மாட்டாங்க. கடைக்காரர் டீ குடிச்சுட்டு வருவார். ஆனா தப்பான கணக்கு வந்தா விட மாட்டார், சட்டையைப் பிடிப்பார். அவருக்குப் போய் தானியங்கி ஃபெயிலோவர், மூணு ஊர் க்ளஸ்டர் எல்லாம் வித்துட்டு, மீட்டுப் பார்த்த ஒரு பேக்கப்பைக் கொடுக்காம இருக்கோம். நாலு ஸ்டெப்னி மாட்டின காரு, நாலுலயும் காத்து இருக்கான்னு யாரும் பார்த்ததில்ல. ஒரு முதன்மை, ஒரு துணை, முழிச்சிருக்கற ஒரு ஆள், எதைப் பார்த்து எதை மாத்தணும்னு ஒரு பக்கத்துல எழுதின தாள். இதுவே போதும்னு சொல்ற தைரியம் வேணும். இதுல கமிஷன் கம்மிங்கறது வேற விஷயம்.

இன்னொரு மலிவான சமாச்சாரமும் இருக்கு. வேணும்னே ஒரு மணி நேரம் தாமதமா வர்ற துணை. மைஎஸ்க்யூஎல்ல 5.6லேருந்து, போஸ்ட்கிரஸ்ல 9.4லேருந்து இது உண்டு. ஒரு வரி செட்டிங். முதன்மையில ஈ ஒட்டினாலும், இந்தச் சோம்பேறிக் குமாஸ்தா ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் ஒட்டுவான். அதுக்குள்ள ஓடிப்போய்க் கையைப் பிடிச்சுடலாம். 2021ல எங்ககிட்ட இது ஒண்ணு இருந்திருந்தா தீபாவளிக்கு நான் முறுக்கு சாப்பிட்டிருப்பேன். அப்புறம், மைஎஸ்க்யூஎல் கிளையண்ட்டுல, 'எந்தக் கடைக்கு'ன்னு சொல்லாம அப்டேட் போட்டா ஏத்துக்காத ஒரு ஆப்ஷன் இருக்கு. அதோட இன்னொரு பேரே 'ஐ ஆம் எ டம்மி'. சத்தியமா. அந்தப் பேரை வச்சவன் வாழ்க. நான் இப்ப எப்பவும் டம்மியாத்தான் உள்ள போறேன்.

அந்தத் தம்பி விஷயத்துக்கு வர்றேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

தீபாவளி முடிஞ்சு ஒரு மீட்டிங். காரணம் என்னன்னு ஒரு படிவம் நிரப்பணும். 'மூல காரணம்'கற கட்டத்துல 'மனிதத் தவறு'ன்னு ரெண்டே வார்த்தை எழுதினாங்க. ஃபைல் மூடியாச்சு. டிஸ்க் நிரம்பினது, ரெண்டு மாசமா பேக்கப் இல்லாதது, யாரோ எழுதின பழைய கான்ஃபிக், ஆறு மாசப் பையன் கையில நேரடி டேட்டாபேஸ் சாவியைக் கொடுத்தது, இது எதுவும் அந்தக் கட்டத்துக்குள்ள வரல. எல்லாத்தையும் செஞ்சது மனுஷங்கதான், ஆனா அந்த மனுஷங்கள்ல ஒருத்தனை மட்டும் பொறுக்கி எடுத்தாங்க.

பேக்கப் மெயில் வரும்னு சொன்னேன் இல்லையா? அது வந்துக்கிட்டு இருந்த ஆளுங்கள்ல நானும் ஒருத்தன். தினமும் வந்து இன்பாக்ஸை அடைக்குதேன்னு, சேர்ந்த மொத மாசமே ஒரு ஃபில்டர் போட்டு ஒரு ஃபோல்டருக்குள்ள தள்ளிவிட்டுட்டேன். நின்னுபோனது எனக்குத் தெரியாததுக்கு அதுதான் காரணம். மீட்டிங்ல இதைச் சொல்ல ரெண்டு தடவை மைக்கை ஆன் பண்ணினேன். ரெண்டு தடவையும் மியூட் பண்ணிட்டேன். அப்ரைசல் மாசம் வேற. அந்தப் பையன், "ஸாரி, என் தப்புதான், இனிமே நடக்காது"ன்னு சொன்னது மட்டும் ஸ்பீக்கர்ல கேட்டுச்சு. அம்மா மாடிப்படியில நின்னு, "சாப்பாடு ஆறுது, வர்றியா இல்லையா"ன்னு கூப்பிட்டாங்க. மீட்டிங்லேருந்து வெளிய வந்துட்டேன்.

அவன் பேரை 'முன்னேற்றத் திட்டம்'னு ஒரு லிஸ்ட்ல போட்டாங்க. அதுல போட்டா என்ன அர்த்தம்னு நம்ம ஃபீல்டுல இருக்கறவங்களுக்குத் தெரியும். ரெண்டு மாசத்துல அவனே பேப்பர் போட்டுட்டான். கிட்லேப் அறிக்கையை நான் முழுசா படிச்சது அதுக்கப்புறம்தான். 300 ஜிபியை அழிச்ச ஆளை அந்தக் கம்பெனி தூக்கல, அறிக்கையில பேரையும் போடலங்கறதைப் படிச்சப்ப ரொம்ப நேரம் ஸ்க்ரீனையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

போன வருஷம்தான் அவன்கிட்ட அந்த ஃபில்டர் கதையைச் சொன்னேன். ஃபோன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "விடுங்கண்ணா, எனக்கும் அந்த மெயில் வந்துச்சு, நானும் ஃபில்டர்தான் போட்டிருந்தேன்"னான். சிரிச்சானா இல்லையான்னு எனக்குச் சரியா கேக்கல.

இப்ப நான் இருக்கற டீம்ல மாசத்துல முதல் சனிக்கிழமை, ஒரு பழைய மிஷின்ல பேக்கப்பை முழுசா மீட்டு, நாலு கணக்கை ஓட்டிச் சரிபார்க்கறேன். யாரும் சொல்லல, காசும் கிடையாது. இந்த மாசம் 6 மணி 40 நிமிஷம் ஆச்சு. டேமேஜரோட ஸ்லைடுல 'மீட்பு நேரம்: 30 நிமிடம்'னு போட்டிருக்கு. ரெண்டையும் ஒரே மெயில்ல போட்டு, நான் எடுத்த கணக்கையும் சேர்த்து, திங்கக்கிழமை அவருக்கு அனுப்பினேன். கிளையண்ட் மீட்டிங் வர்ற வியாழக்கிழமை. இன்னும் பதில் வரல. இந்தத் தடவை அந்த மெயிலுக்கு ஃபில்டர் எதுவும் போடல.

டிஸ்கி: எழுத ஆரம்பிச்சப்ப இவ்வளவு நீளும்னு நினைக்கல, மன்னிச்சுக்கோங்க. உங்க ஆபீஸ்ல கடைசியா எப்ப பேக்கப்பை மீட்டுப் பார்த்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. பேரு போட பயமா இருந்தா அனானியா வாங்க, கதவு திறந்துதான் இருக்கு :-)